பழைய காரின் ஃபியூயல் பம்ப்: சீரமைப்பதா, புதியது மாட்டுவதா, மின்பம்புக்கு மாறுவதா?

கார்புரேட்டர் பொருத்திய பழைய கார் மேட்டில் ஏறும்போது திணறினாலும், சூடேறிய பின் நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்பும்போது அடம்பிடித்தாலும், பழி முதலில் விழுவது ஃபியூயல் பம்ப் மீதுதான். அப்போது நம் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: பழைய பம்பைப் பிரித்து ரிப்பேர் கிட் போடுவது, அதே வகையில் புதியது வாங்கி மாட்டுவது, மின்பம்புக்கு மாறிவிடுவது. ஆனால் பழுது பம்பில்தான் இருக்கிறது என்று உறுதியாகும்வரை இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை.

அதை உறுதிசெய்யப் பெரிய கருவிகள் தேவையில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது, இக்னிஷன் தீப்பொறி எழாதபடி காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு புட்டிக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், பெட்ரோல் விட்டுவிட்டு வலுவாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லையென்றால், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் வேறொரு ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையைச் சுத்தமான பெட்ரோல் உள்ள கேனுக்குள் இட்டு மறுபடி சுழற்றிப் பார்க்க வேண்டும். கேனிலிருந்து ஒழுங்காக இழுக்கிறதென்றால் பம்ப் குற்றமற்றது. அடைபட்ட ஃபில்டர், துருப்பிடித்த டேங்க், வெடித்த ரப்பர் ஹோஸ், டேங்க் மூடியின் அடைபட்ட காற்றுத்துளை ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். ஒருமுறை நான் புது பம்ப் மாட்டிய பிறகும் அதே கோளாறு தொடர, டேங்க் மூடியைத் திறந்தபோது காற்று உஸ்ஸென்று உள்ளே பாய்ந்த பிறகுதான், மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்ததை உணர்ந்தேன்.

பழுது பம்பில்தான் என்றால், என் முதல் விருப்பம் பழையதைச் சீரமைப்பதே. எஞ்சினுள் சுழலும் கேம்ஷாஃப்ட் அசைக்கும் நெம்புகோல், பம்பினுள் இருக்கும் வளையும் சவ்வான டயாபிரத்தை இழுத்துப் பெட்ரோலை உள்வாங்குகிறது. வெளியே தள்ளுவதோ டயாபிரத்தின் அடியிலுள்ள ஸ்பிரிங். ஆகவே அழுத்தத்தைத் தீர்மானிப்பது எஞ்சினின் வேகமன்று, அந்த ஸ்பிரிங்தான். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை விடும் ஊசி வால்வு மூடிக்கொண்டால் டயாபிரமும் இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடும். அந்தக் காருக்கென அளந்து வைத்த இந்த ஸ்பிரிங்கைக் காப்பாற்றுவதே சீரமைப்பின் பெரிய ஆதாயம். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் டயாபிரமாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய ரப்பர் அதில் ஊறிக் கெட்டுவிடும். டயாபிரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கக்கூடும். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் காரணமின்றி ஏறியிருந்தாலோ, நீர்த்த ஆயிலில் பேரிங்குகள் தேயுமாகையால், ஆயிலை மாற்றாமல் எஞ்சினைக் கிளப்பக்கூடாது. மடித்து அழுத்தி மூடப்பட்ட, பிரிக்கவே முடியாத பம்புகளுக்கும், நெம்புகோலின் அச்சு தேய்ந்து ஆடும் பம்புகளுக்கும் இந்த வழி பொருந்தாது.

புதிய பம்ப் வேலையைச் சுருக்கும் என்பது உண்மையே. ஆயினும் நெம்புகோலின் வடிவம் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம். எஞ்சினுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள தடுப்புத் துண்டின் தடிமன் கூடினால் நெம்புகோலின் வீச்சு குறையும். தடிமன் குறைந்தால் நெம்புகோல் மீதும் கேம் மீதும் மிகைச் சுமை ஏறும்.

மின்பம்பின் மெய்யான பலம் வேப்பர் லாக்கை, அதாவது குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடுவதை, எதிர்ப்பதில் தெரியும். எஞ்சினில் அமர்ந்து இழுக்கும் பம்ப், குழாயினுள் அழுத்தத்தைக் குறைத்துச் சூட்டில் பெட்ரோல் ஆவியாவதை எளிதாக்குகிறது. டேங்க் அருகே நின்று தள்ளும் மின்பம்போ அழுத்தத்தைக் கூட்டி அதைத் தடுக்கிறது. பல வாரங்கள் நின்ற காரிலும் ஸ்டார்ட்டரைத் தொடுமுன்பே கார்புரேட்டரை நிரப்பிவிடும். ஆனால் அழுத்தத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் உள்ள எஸ்யூ வகைக் கார்புரேட்டர்கள் 3 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவுக்குள் நிறைவாக இயங்குபவை. 6 அல்லது 7 பிஎஸ்ஐ தரும் பம்பை ரெகுலேட்டரின்றி மாட்டினால் ஊசி வால்வு தோற்று, பெட்ரோல் வழியும். பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள பழைய கார்களின் கணக்கே வேறு: போஷ் நிறுவனத்தின் இன்ஜெக்ஷன் வகைகளான டி-ஜெட்ரானிக் சுமார் 2 பார், கே-ஜெட்ரானிக் சுமார் 5 பார் (ஒரு பார் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ) கேட்கும், கார்புரேட்டர் பம்ப் அவற்றுக்கு உதவாது. பாசிட்டிவ் எர்த் உள்ள, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடற்கூட்டோடு இணைந்த, காரில் முனை மாற்றி இணைத்தால் மின்னணு பம்ப் கருகக்கூடும். விபத்தில் எஞ்சின் நின்றபின்னும் பம்ப் ஓடாதிருக்க, ஃபியூஸ், ரிலே ஆகியவற்றுடன் மோதல் சுவிட்சோ ஆயில் அழுத்த சுவிட்சோ கட்டாயம் வேண்டும். பழைய பம்பைக் கழற்றிய துளையைத் தகடு வைத்து மூடுவதையும் மறக்கலாகாது.

இவ்வளவும் செய்து மின்பம்பை மாட்டுவோர் பலர் பழைய ஹோஸ்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்பதே எனக்குள்ள பெரிய கவலை. இழுவைப் பக்கத்தில் வெடித்திருந்த ஹோஸ் அதுவரை காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஒரு சொட்டும் வெளியே வந்திருக்காது. பம்ப் டேங்க் பக்கம் போனதும் அதே வெடிப்பு அழுத்தத்துக்கு உள்ளாகி, சூடான எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகிலேயே பெட்ரோலைக் கசியவிடும்.