தூளியா, மரக்கட்டிலா, அம்மா பக்கமா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்கள் வாடகை வீட்டில் தூளி கட்ட ஒரு கொக்கி கிடையாது. அண்ணாந்து பார்த்தால் ஃபால்ஸ் சீலிங். "பிள்ளகுட்டிக்காரங்க இருக்கிற வீட்ட யாருடி இப்படிக் கட்டுனது?" என்று தர்மபுரியிலிருந்து வந்த அம்மா நொந்துகொண்டாள். நானோ ஆன்லைனில் பிள்ளைக்கு மரக்கட்டில் வாங்கி வைத்திருந்தேன். பிள்ளையை எங்கே தூங்கவைப்பது என்று நாலு மாதத்தில் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று.

மரக்கட்டிலின் பலம் பாதுகாப்பு. கெட்டியான சமதள மெத்தை, தலையணை போர்வை இல்லை, மல்லாக்கப் படுக்கை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது இதுதான். கூடவே, குறைந்தது ஆறு மாதம் அந்தக் கட்டில் பெற்றோரின் அறையில் இருப்பது நல்லது என்கிறது. மாடிவீட்டு அக்கா இதைப் படித்துவிட்டுத்தான் 'தனி ரூமில் அழவிட்டுப் பழக்கு' என்றார்களா, தெரியவில்லை.

பரிணாமக் கணக்கில் ஜெயிப்பது அம்மா பக்கத்தில் படுப்பதுதான். முயல், தன் குட்டிகளை வளையில் விட்டுவிட்டு நாளுக்கு ஓரிரு முறைதான் பாலூட்டும். அதன் பால் அவ்வளவு கொழுப்பு. நம் தாய்ப்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம். சீக்கிரம் செரிக்கும், அடிக்கடி பசிக்கும். ஆப்பிரிக்கக் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் இனத் தாய்மார் பகலில் மணிக்கு நாலு முறை பாலூட்டியதாக ஆய்வாளர்கள் கானரும் வொர்த்மனும் 1980இல் எழுதினார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எழும் பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் குங் மக்களிடம் எங்கள் வீட்டு மெத்தை கிடையாது. உட்கார்ந்தால் அமுங்கும் மெத்தை, கனத்த ரஜாய், இடி விழுந்தாலும் எழாத கணவர். புகை, குடி உள்ள வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம். சோபாவில் பிள்ளையோடு கண் அசருவது எல்லாவற்றையும்விட ஆபத்து.

தூளியைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்திருந்தேன். அம்மாதான் திருத்தினாள். அவள் நாற்று நடும்போது வரப்போரப் புங்கமரத்தில் என்னைத் தூளியில் போட்டிருந்தாளாம். ஆட்டியது பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பெண். வேலைக்குப் போகும் தாய்க்கான ஏற்பாடு அது! தூக்கிக்கொண்டு நடந்தால் பிள்ளையின் இதயத்துடிப்பு தணிவதை ஜப்பானில் 2013இல் அளந்தும் காட்டினார்கள். தூளியின் ஆட்டமும் அந்த நடையைத்தான் போலி செய்கிறது என்பது என் ஊகம். குறையும் உண்டு. துணி குழிவதால் தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடலாம். அதனால் ஸ்டாண்ட் வைத்த தூளி பகலில் மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், தூங்கியதும் கட்டிலுக்கு. ராத்திரி, மரக்கட்டில் எங்கள் கட்டிலை ஒட்டி, கை எட்டும் தூரத்தில்.

எதை வாங்கினாலும் ஆட்ட ஓர் ஆள் வேண்டுமே. காங்கோ காட்டு எஃபே மக்களிடம் நாலு மாதப் பிள்ளை பகலில் பாதி நேரத்துக்கு மேல் பிறர் கையில்தான் இருந்ததாம். எங்களுக்கு இருந்தது அம்மா ஒருத்தி. அடுத்த வாரம் அவளும் ஊருக்குப் போகிறாள். நேற்று எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டி தூளியைப் பார்த்து, "நம்ம ஜோலி!" என்று சிரித்தார். தூளிக்குக் கன்னடத்தில் ஜோலி. "மத்தியானம் ரெண்டு மணி நேரம் எங்கிட்ட விடும்மா, நான் தூக்தேன்."

தூக்குகிறேன் என்கிறாரா, தூளியில் ஆட்டுகிறேன் என்கிறாரா, அம்மாவுக்குப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டாள்.