கார்டினல் மீன் என்று சொல்லி நியான் மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. இன்று காலையும் நான்கு மீன்களைச் செத்த நிலையில் வலையால் அள்ளினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் டிஸ்கஸ் என்னும், சூடான நீர் வேண்டும் அலங்கார மீனை வளர்ப்பவன். தொட்டி நீர் 29 டிகிரி. அந்தச் சூட்டைத் தாங்கும் சிறு மீன் என்றுதான் கார்டினல் டெட்ரா தேடினேன். அது தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ, ஒரினோகோ ஆறுகளின் மீன். அதைப் போலவே தோன்றும் நியான் டெட்ரா மேற்கு அமேசானைச் சேர்ந்தது, சற்றுக் குளிர்ந்த நீரை விரும்புவது. கார்டினலின் சிவப்புப் பட்டை தலையருகே தொடங்கி வால் வரை ஓடும். நியானுக்குப் பின்பாதியில் மட்டுமே சிவப்பு. முன்வயிறு வெள்ளியாக இருக்கும்.

இது தெரிந்துதான் கேட்டேன். உயிர்மீன்களை வீட்டுக்கே அனுப்பும் இணையக் கடை அது. ஊதா விளக்கின் கீழ் எடுத்த காணொளியை அனுப்பியிருந்தார்கள். "முன்வயிற்றில் சிவப்பு இல்லையே?" என்றேன். "குஞ்சுகள் சார், வளர வளர முன்னால் பரவும்" என்றார் விற்பவர். என் டிஸ்கஸ் என்ன சாப்பிடுகிறது, எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றுகிறேன் என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார். அந்த விசாரிப்பில்தான் விழுந்தேன். 60 மீன்களுக்கு முழுத்தொகையையும் அன்றே அனுப்பினேன். அரை மாதச் சம்பளம்! நிறம் தெளிந்த மீனுக்குப் பட்டை முன்னால் நீளவே நீளாது.

பார்சலைப் பிரித்ததும் படம் எடுத்து அனுப்பினேன். "பயணக் களைப்பில் வெளுத்திருக்கிறது, இரண்டு வாரம் பொறுங்கள்" என்றார். இருட்டிலும் பயத்திலும் இவை வெளுப்பது உண்மைதான். அதனால் அதையும் நம்பினேன். இரண்டு வாரம் கழித்து "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்றார். அதன்பின் "உயிருள்ளதைத் திரும்பப் பெறுவதில்லை." இப்போது அழைப்பையே எடுப்பதில்லை. சூட்டைக் குறைத்தால் டிஸ்கஸ் வாடும், குறைக்காவிட்டால் இவை சாகும். என் அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு இந்த நிலையில் நிறுத்திவிட்டார்.

பார்க்க வேண்டியவை: வெள்ளை வெளிச்சத்தில், பக்கவாட்டில் எடுத்த படம் கேளுங்கள். முன்வயிறு வெள்ளியாக இருந்தால் எந்தச் சமாதானத்தையும் ஏற்காதீர்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். இன்னொரு மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது, போகிறேன்.