ஃப்ரீலான்ஸ் தளமா, நேரடி மின்னஞ்சலா?

வெப் டிசைன் தொழிலில் முதல் வாடிக்கையாளரைப் பிடிக்க நான் இரண்டு வழிகளிலும் முயன்றிருக்கிறேன்.

ஃபைவர் (Fiverr) போன்ற, தனியாக வேலை செய்பவர்களை வாடிக்கையாளர்களோடு இணைக்கும் ஃப்ரீலான்ஸ் தளங்களுக்கு வேலை கொடுக்க வருபவர்கள் பணம் செலவழிக்கும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அது பெரிய வசதி. ஆனால் ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 500 டாலர் வேலைக்குக் கையில் நிற்பது 400. வாடிக்கையாளரிடம் தளத்துக்கு வெளியே பணம் வாங்கவும் கூடாது.

மின்னஞ்சல் மெதுவான வழிதான். “வெப்சைட் செய்து தருகிறேன்” என்று நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே ஒரு நிறுவனத்தின் தளத்தை போனில் திறந்து பாருங்கள். மெனு விரலுக்குச் சிக்குகிறதா? தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் போகிறதா? அப்புறம் அந்த முகவரியை தளத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் போடுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி தெரிய 2.5 நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது கூகுளின் அளவுகோல். ஆறேழு நொடி காட்டினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, காரணம் என்ன (பெரும்பாலும் சுருக்காமல் ஏற்றிய படங்கள்தான்), எப்படிச் சரிசெய்யலாம் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

என் ஓட்டு மின்னஞ்சலுக்குத்தான். அப்படி வந்தவர்கள் என்னிடம் முதலில் விலையைக் கேட்பதில்லை, “இதை எப்போது சரிசெய்ய முடியும்?” என்றுதான் கேட்கிறார்கள். காட்டுவதற்கு ஒரு வேலைகூட இல்லாதவர் மட்டும் முதல் இரண்டு மூன்று வேலைகளை ஃபைவரில் முடித்துவிட்டு வரலாம்.