புதுப்பேட்டையில் போர் போட்ட கதை

"பிளாக்கைப் போர் போடக் கொடுக்கப் போறேன்" என்றதும் அம்மா, "ஏற்கெனவே ரெண்டு போர் போட்டும் நல்ல தண்ணி வரல, மூணாவது எதுக்கு?" என்றார். இது வேறு போர். கார் எஞ்சினின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடலில், சிலிண்டர்ச் சுவரைச் சீவிக் கொஞ்சம் பெரிதாக்குவது. அப்பாவின் 1999 மாடல் மாருதி 800, 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டு வாசலிலேயே மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் சாவி போட்டுப் பார்க்காமல் அப்பா விட்டது புத்திசாலித்தனம். அதற்கப்புறமும் பல வருடம் அப்படியே விட்டதுதான் தப்பு. போன வருடம் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். இரண்டாவது சிலிண்டரில் மிளகைத் தூவியது போலத் துருக்குழிகள்.

முதலில் வேறு ஏரியாவில் ஒரு கடையில் விசாரித்தேன். பிளாக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூணுக்கும் ஸ்லீவ் அடிச்சிடலாம், நாளைக்கே வாங்கிக்கோங்க" என்றார்கள். ஸ்லீவ் என்பது சிலிண்டருக்குள் இறக்கும் புதுக் குழாய். அளக்காமல் வைத்தியம் சொன்னால் எனக்குப் பிடிக்காது. அதன் பிறகு போனதுதான் புதுப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் இந்தப் பட்டறை. சிலிண்டரை வெட்ட ஒரு போரிங் மெஷின், வெட்டிய சுவரைக் கல்லால் தேய்க்க ஒரு ஹோனிங் மெஷின், அறுபதைத் தாண்டிய ஒரு பாய், ஒரு பையன். போர்டு கிடையாது.

பாய் முதல் நாள் பிளாக்கை வாங்கிக்கொள்ளவே இல்லை. "கழுவிட்டு வாம்மா. அழுக்கோட கொடுத்தா நான் அழுக்கைத்தான் அளப்பேன்." அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், இந்தப் பட்டறைக்கு நான் கொடுக்கும் மார்க்கில் பாதி அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டினேன். எண்ணெய்ப் பாதையின் முனையில் இருக்கும் பிளக்குகளைக் கழற்றாமல் எவ்வளவு கழுவினாலும் வீண். மெஷினில் சீவும் இரும்புத் தூள் அந்தப் பாதைக்குள் போய் உட்கார்ந்தால் நேராகப் புது பேரிங்குக்குத்தான் போகும். ஒரு பிளக் அசையவே இல்லை. சுற்றிலும் டார்ச்சால் சூடு காட்டி, மெழுகுவத்தியை அழுத்தினேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்க, ஸ்பேனர் திரும்பியது. சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டின் தகர மூடிகளை ஒரு ஓரத்தில் பஞ்ச் வைத்துத் தட்டினால் குறுக்கே திரும்பும். பிளையரால் பிடித்து இழுத்துவிடலாம். உள்ளே இருந்ததைப் பார்த்து அசந்துபோனேன். கூலன்ட்டுக்குப் பதிலாகக் காலங்காலமாக நாங்கள் ஊற்றிய போர் தண்ணீர், உப்பும் துருவுமாகக் கரைகட்டி நின்றது. சைக்கிள் ஸ்போக்ஸை வளைத்து நோண்டி நோண்டி எடுத்ததில் ஒரு டீ டம்ளர் நிறைந்தது. (அம்மா சொன்ன போர் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது.)

பிளாக்கின் மேல்முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை (ஹெட்டுக்கு அடியில் வைக்கும் தகடு) ஸ்கிரேப்பரால் மட்டும் சுரண்டுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி கிரைண்டரில் எமரி டிஸ்க் மாட்டிக்கொண்டு ஆர்வமாக வந்தான், திருப்பி அனுப்பினேன். டிஸ்க் பட்ட இடம் பள்ளமாகும், அதன் பொடியும் எல்லா ஓட்டையிலும் இறங்கும். பாயின் மெஷின் பழைய வகை, பிளாக்கின் மேல்முகத்திலேயே உட்கார்ந்து வெட்டும். அடியில் துளி கேஸ்கெட் ஒட்டியிருந்தாலும் மெஷின் சாயும், போரும் சாயும். ஹெட் போல்ட் ஓட்டைகளுக்கும் மரை வெட்டும் டேப் விட்டுச் சுத்தம் செய்தேன். அடி மூடிய ஓட்டையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கும்போது போல்டை முறுக்கினால் பிளாக்கே விரியலாம்.

கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் மெயின் பேரிங் கேப் நான்கையும் கழற்றும் முன்பே சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று குறி வைத்திருந்தேன். அவற்றைத் திரும்ப அதே இடத்தில் மாட்டி எடுத்துப்போனேன். சாக்கில் சுற்றிய பிளாக்கைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் சீட்டில் வைக்க விடவில்லை. காலடியில் வைத்துக்கொண்டே போனேன்.

இந்த முறை பாய் முகம் மலர்ந்தது. டயல் கேஜை விட்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவில், கீழே, அதையே குறுக்கு வாட்டத்திலும் அளந்து, சாக்பீஸால் பிளாக்கிலேயே எழுதினார். ஒரிஜினல் 68.5 மி.மீ. தேய்மானம் மட்டும் என்றால் 0.25 ஓவர்சைஸ் போதும். அவர் பாஷையில் 'டென் தௌ', அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து. ஆனால் 0.25 என்பது விட்டத்தில். சுவரில் ஒரு பக்கம் 0.125 தான் சீவும், குழி அதைவிட ஆழம். "ட்வென்டி போயிடலாம். ஸ்லீவ் எதுக்கு, காசு வேஸ்ட்." மூன்றையும் 0.50க்கே எடுப்பது என்று முடிவானது. ஒன்றை மட்டும் பெரிதாக்கி மற்றதை விட்டுவைப்பது முறையில்லை.

பிஸ்டன் கையில் வரும்வரை மெஷினை ஓட்ட மாட்டேன் என்றார். ஜி.பி. ரோட்டில் செட் வாங்கிக் கொடுத்த பிறகு, ஒவ்வொரு பிஸ்டனையும் அதன் பின் (pin) துளைக்குக் குறுக்கே அளந்து, தலையில் 1, 2, 3 என்று எழுதி, அந்தந்த பிஸ்டனுக்கு அந்தந்த போரை வெட்டினார். டப்பாவில் போட்டிருக்கும் அளவை அவர் நம்புவதில்லை.

சரி, குறைகள். நாலு நாள் என்றது பதினொரு நாள் ஆனது. போனில் கேட்டால் எப்போதும் "நாளைக்கு". மெயின் கேப்பை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கிவிட்டு ஹோன் பண்ணுங்கள் என்று நானாகக் கேட்டதால்தான் செய்தார். கேட்காவிட்டால் செய்திருப்பாரா என்பது சந்தேகம். பெரிய குறை, டெலிவரி. பையன் பனியன் வேஸ்ட்டில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, "க்ளீன் பண்ணியாச்சுக்கா" என்றான். வீட்டில் வெள்ளைத் துணியால் போரைத் துடைத்தேன். சாம்பல் நிறமாக வந்தது. அது ஹோனிங் கல்லின் பொடி. மண்ணெண்ணெய் அதைக் கரைக்காது, ஹோனிங் போட்ட கோடுகளுக்குள் தள்ளிவிடும். வெந்நீரும் சோப்புத் தூளும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன், துணி வெள்ளையாக வரும்வரை நான்கு தடவை. கழுவிய கையோடு எஞ்சின் ஆயில் தடவிவிட வேண்டும். ஒரு போன் கால் பேசிவிட்டு வருவதற்குள் மூன்றாவது சிலிண்டரின் விளிம்பு ஆரஞ்சு நிறமாகத் தொடங்கியிருந்தது, நம்ம ஊர்க் காற்று அப்படி.

வேலை என்று பார்த்தால் குறையே இல்லை. போரில் குறுக்கும் நெடுக்குமான கோடுகள் மேலிருந்து கீழ்வரை ஒரே சீர், துருக்குழி ஒன்றுகூட மிச்சமில்லை. மூன்றுக்கும் சேர்த்து 2,100 ரூபாய் வாங்கினார், பில் கிடையாது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்று கழுவாததற்கு. தாமதத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, நான் காரை எட்டு வருடத்துக்கு மேல் அப்படியே போட்டு வைத்திருந்தவள்.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்கு மூடிவிடுவார்கள். அன்றைக்குப் போய் எதிர் டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன், மடியில் மூன்று பிஸ்டனோடு.