கட்டிக்கென்று வாங்கிய பச்சைப் புரோபோலிஸ் சொட்டு

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துவரும் என் பெரியம்மாவுக்காக, கட்டியைக் கரைக்கும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னதை நம்பி, பிரேசில் பச்சைப் புரோபோலிஸ் (தேனீக்கள் சேர்க்கும் பிசின்) சொட்டு 30 மில்லி புட்டி ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். புட்டியில் கட்டி என்றோ புற்றுநோய் என்றோ ஒரு சொல்கூட அச்சிடப்படவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

சரக்கில் குறை சொல்ல முடியாது. வெந்நீரில் பத்துச் சொட்டு விட்டதும் நீர் பால்போல் வெளுத்துக் கலங்கியது. தம்ளரின் உட்புறம் வளையமாக ஒட்டிக்கொண்ட மஞ்சள் பிசுக்கு, சோப்புக்கு அசையாமல், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்த பிறகே போனது. பிசினை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்த சாறு அப்படித்தான் இருக்கும். கசப்பும் காரமும் நாக்கில் வெகுநேரம் நிற்கின்றன.

மரமொட்டுகளிலும் தளிர்களிலும் சுரக்கும் பிசினைத் தேனீக்கள் சுரண்டி எடுத்து, மெழுகு கலந்து, கூட்டின் விரிசல்களை அடைக்கப் பயன்படுத்தும் கலவையே புரோபோலிஸ். கூட்டுக்குள் செத்த எலியை வெளியே இழுத்துப்போட முடியாதபோது, அது அழுகிவிடாதபடி இந்தப் பிசினால் பூசி மூடிவிடுவதும் உண்டு. நம் ஊர் அடுக்குத் தேனீ இதைச் சேர்ப்பதில்லை; இத்தாலியத் தேனீ சேர்க்கும். பச்சை வகைக்கு மூலம், பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில் வளரும் பக்காரிஸ் என்னும் புதர்ச்செடி. அதிலுள்ள ஆர்டெபிலின் சி என்ற பொருளைக் காட்டித்தான் புற்றுநோய்ப் பேச்சு எழுகிறது.

அந்தப் பேச்சுக்கு அடிப்படை இல்லாமலில்லை. ஆய்வகத்தில் வளர்த்த புற்றுநோய் உயிரணுக்களின் பெருக்கத்தை ஆர்டெபிலின் சி தடுத்திருக்கிறது, எலிகளிலும் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்திருக்கிறது. ஆனால் ஆய்வகத் தட்டில் உயிரணுக்கள் அந்தப் பொருளிலேயே மூழ்கிக் கிடக்கின்றன; நாம் விழுங்கும் பத்துச் சொட்டோ குடலிலும் கல்லீரலிலும் உருமாறி, இரத்தத்தில் நீர்த்துத்தான் கட்டியை எட்ட வேண்டும். மனிதர்களிடம் கட்டியைக் கரைத்ததாக நிறுவப்படவில்லை. கீமோவால் வரும் வாய்ப்புண்ணுக்குப் புரோபோலிஸ் கலந்த கொப்பளிப்பு நீர் ஓரளவு உதவுவதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன என்பது தனிச் செய்தி.

புட்டியை மருத்துவரிடம் காட்டினோம். ஆல்கஹால் வாய்ப்புண்ணை எரிக்கும், தேனீப் பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று விளக்கி, கீமோ முடியும் வரை வேண்டாம் என்றார். “அப்போ இது கட்டியைக் கரைக்காதாப்பா?” என்று பெரியம்மா வழியில் கேட்டார். இல்லை பெரியம்மா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன், ஏனெனில் இதை நம்பி ஒரு கீமோவை அவர் தள்ளிப்போட்டுவிடுவாரோ என்ற அச்சம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

தொண்டைக் கரகரப்புக்கு வாங்குகிறவர், ஒவ்வாமை இல்லையென்றால், இந்தப் புட்டியை வாங்கலாம். விலை சற்று அதிகம். கட்டிக்கென்று யாரும் வாங்க வேண்டாம். புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1954-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. கடைக்காரரிடம் போய் அதைச் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்து வரும் நோயாளியின் வீட்டாரிடமாவது அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு திரும்பினேன்.