தொலைக்காட்சி அறைக்கு மின்சாரம்: மல்டி பிளக்கா, சேர்ஜ் பாதுகாப்பா, யுபிஎஸ்ஸா, தனி வயரிங்கா?

தொலைக்காட்சி, அம்ப்ளிஃபையர், டிஷ் பெட்டி, கேம் கொன்சோல், ரவுட்டர் என்று ஏழெட்டுச் சாதனங்கள் ஒரே சுவரை நம்பி நிற்கும் அறைகள் திருகோணமலையின் உவர்மலையிலும் உப்புவெளியிலும் இப்போது சாதாரணமாகிவிட்டன. அவற்றின் சுமையைக் கூட்டிப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. 55 அங்குலத் தொலைக்காட்சி சுமார் 100 முதல் 150 வாற்றும், கொன்சோல் ஏறத்தாழ 200 வாற்றும், அம்ப்ளிஃபையர் வழமையான ஒலியில் அதைவிடக் குறைவாகவும் எடுக்கும்; எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் 700 வாற்றைத் தாண்டாது. 230 வோல்ற்றில் அது 3 அம்பியர் அளவுதான். 13 அம்பியர் பிளக் ஒன்று 2,990 வாற்று வரை தாங்கும். ஆகவே ஆபத்து எண்ணிக்கையில் இல்லை; இணைப்பின் தரத்திலும், எர்த்திலும், வெளியிலிருந்து பாயும் மின்னழுத்தத்திலும்தான் இருக்கிறது.

மலிவான மல்டி பிளக்கை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. சுமை சிறியதென்றால் அதுவும் போதும். ஆனால் கடையில் வாங்கும்போது வயரின் தடிப்பைப் பார்க்க வேண்டும். 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் 6 அம்பியர் அளவுக்கே உரியது. அதன் முனையில் 13 அம்பியர் பியூஸ் இருந்தால், வயர் சூடேறி உருகும் வரைக்கும் பியூஸ் பேசாமல் இருக்கும். சதுர முள் பிளக்கைத் திறந்து 5 அம்பியர் பியூஸைப் போடுவது சில நிமிட வேலை, செலவும் மிகக் குறைவு. திருக்கடலூர் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டு பித்தளை முட்களில் பச்சை படிந்து, பிடிப்பு தளர்ந்து, அந்த இடம் மட்டும் சூடாகும். பிளக்கைக் கழற்றிய உடனே முள்ளருகே பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அந்த மல்டி பிளக்கைத் துடைத்துப் பயனில்லை, எறிந்துவிட வேண்டும்.

இரண்டாவது தெரிவு சேர்ஜ், அதாவது திடீர் மின்னழுத்த எழுச்சிக்கு எதிரான பாதுகாப்புள்ள மல்டி பிளக் பலகை. இதனுள்ளே இருக்கும் வேரிஸ்டர் என்ற சிறிய வட்டு, மின்னழுத்தம் எல்லை மீறும்போது அதைக் கடத்தி வெளியேற்றும். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தும் போகும். பாதுகாப்பு விளக்கு அணைந்த பலகை வெறும் மல்டி பிளக்தான். அது வெளியேற்றும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி எர்த் கம்பி வழியாகவே போக வேண்டும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. இலங்கையில் பொதுவாக அதற்கான கம்பியை வீட்டுக்காரரே நிலத்தில் நாட்டிக்கொள்ள வேண்டும். வெயில் காலத்தில் மேல்மணல் காய்ந்துவிடும் நிலத்தில் ஆழமில்லாத எர்த் பெயரளவுக்கே இருக்கும். வீட்டில் எர்த் சரியில்லையென்றால் விலை கூடிய பலகைக்குக் கொடுக்கும் காசில் பாதி வீண். டிஷ் கேபிளும் மின்னலுக்கு ஒரு வாசல் என்பதால், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடி தொடங்கும்போது பிளக்கையும் கேபிளையும் சேர்த்தே கழற்ற வேண்டும். நேரடி மின்னல் தாக்கத்தை எந்தப் பலகையும் தாங்காது.

ஸ்டெபிலைசர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கத்தில் 100–240 வோல்ற்று என்று அச்சிட்டிருக்கும் தொலைக்காட்சிக்கு அது தேவையற்றது. குளிர்சாதனப் பெட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

யுபிஎஸ்ஸுக்கு இங்கே அளவுக்கு மீறிய மதிப்பு இருக்கிறது, அதற்குக் காரணமும் உண்டு: 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டதை யாரும் மறக்கவில்லை. ஆனால் சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 650 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாற்றே தரும். தொலைக்காட்சியும் அம்ப்ளிஃபையரும் சேர்ந்தால் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். எங்கள் வெக்கையில் அதன் பற்றரியும் விரைவில் கெட்டுவிடும். ரவுட்டருக்கு மட்டும் என்றால் 12 வோல்ற்று சிறிய யுபிஎஸ் போதும். விளக்குள்ள பழைய புரொஜெக்டருக்கு மட்டும் பெரியது பயனுள்ளது, ஏனெனில் திடீரென மின்சாரம் நின்றால் விளக்கைக் குளிர்விக்கும் விசிறியும் நின்றுவிடும்.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்கும் திருத்துபவர்களுக்கும் நான் தனி வயரிங்கையே பரிந்துரைப்பேன். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 20 அம்பியர் பிரேக்கரோடு ஒரு தனிச் சுற்று, ஒவ்வொரு சாதனத்துக்கும் சுவரிலேயே தனிப் பொயின்ற், வீட்டின் பிரதான மின்பலகையில் ஒரு சேர்ஜ் பாதுகாப்புக் கருவி, நன்றாக நாட்டிய எர்த், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஆகியவை இருந்தால் கீழே கிடக்கும் பலகைகளுக்குத் தேவையே குறைந்துவிடும். ஏசிக்கு வேறு சுற்று வேண்டும். அதை இதில் சேர்க்கக் கூடாது. ஒரு சிறு தொல்லையும் உண்டு: இத்தகைய சாதனங்கள் பலவும் இயல்பாகவே சிறிதளவு மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடுவதால், பல சேரும்போது ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழுவது போலத் தோன்றும். அப்போது சிலர் செய்வதுபோல ட்ரிப் சுவிட்சை நீக்கி நேராக இணைக்காமல், அந்தச் சுற்றுக்கென்று தனி ட்ரிப் சுவிட்ச் ஒன்றைப் பொருத்துமாறு உரிமம் பெற்ற மின்னிணைப்பாளரிடம் கேட்க வேண்டும்.