மேல்மூடி திறக்கும் பூனைக்கூடு: நான்கு வைத்தியப் பயணங்களுக்குப் பிறகு

பூனைக்கூடு ஒன்றின் தரம் கடையில் வைத்துப் பார்க்கும்போது தெரிவதில்லை. அதற்குள் பூனை ஏறி, கூடு ஓட்டோவில் ஏறி, மிருக வைத்தியரின் மேசைக்குப் போய், வீடு திரும்பி, வீட்டிலிருந்த மற்றப் பூனை அதை முகர்ந்து பார்த்த பிறகுதான் கொடுத்த காசு சரியா பிழையா என்று சொல்ல முடியும். முன்புறம் கம்பிக் கதவும் மேற்புறம் திறக்கும் மூடியும் கொண்ட பிளாஸ்டிக் கூடு ஒன்றைச் சென்ற ஆண்டு மட்டக்களப்பு நகரில் 7,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். உற்பத்தியாளரின் பெயர் கூட்டில் எங்கும் இல்லை. இதே வார்ப்பில் வெவ்வேறு நிறங்களில் பல கடைகளில் தொங்குவதால், அமைப்பைப் பற்றி நான் சொல்வது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கல்லடியில் எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. ஒரே ஈற்றில் பிறந்த சகோதரிகள், நான்கு வயது. ஒருத்தி கறுப்பி. மற்றவள் வீட்டுக்கு வரும் சாமான் எதையும் பூராயம் பார்க்காமல் விடாதவள் என்பதால் பூராயி. கூடு வாங்குவதற்கு முன்பு, பூராயியின் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு பிஸ்கட் வந்த கடதாசிப் பெட்டி ஒன்றில்தான் அவளைக் கொண்டுபோனோம். பயத்தில் அவள் சிறுநீர் கழித்து, பெட்டியின் அடி ஊறி, 2013 இல் திறந்த புதிய கல்லடிப் பாலத்தின் நடுவில் ஓட்டோ போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பக்கம் பிய்ந்து கால் வெளியே வந்துவிட்டது. ஓட்டோ ஓட்டிய அண்ணன் வண்டியை ஓரங்கட்டித் தன்னுடைய துவாயைத் தந்திராவிட்டால் பூனை வாவிக்குள் பாய்ந்திருக்கும். அடுத்த மாதச் சம்பளத்தில் கூடு வாங்கினேன்.

கூடு மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகக் கழலக்கூடியது. சுற்றிவர எட்டுக் கிளிப்கள் அவற்றைப் பிடித்திருக்கின்றன. நீளம் ஏறக்குறைய 48 சென்ரிமீற்றர். நாலு கிலோவுக்குச் சற்று அதிகமான கறுப்பி உள்ளே திரும்பிப் படுக்க இடம் போதும். பெரிய கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் இதைவிட ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும்.

முதற்பயணம் என் அவசரத்தால் கெட்டது. சனிக்கிழமை வாங்கிய கூட்டைத் திங்கள் காலையில், பூராயிக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடும் நாளில்தான் முதன்முதலாக விறாந்தையில் வைத்தேன். கம்பிக் கதவு சத்தம் கேட்டதுமே அவள் அலுமாரியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டாள். வெளியே இழுத்தெடுத்து, தலையை முன்வாசலுக்குள் தள்ள முயன்றபோது நான்கு கால்களையும் வாசலின் நான்கு மூலைகளிலும் ஊன்றிக்கொண்டு சிலந்தி மாதிரி நின்றாள். மேல்மூடியின் பயன் அப்போதுதான் எனக்கு விளங்கியது. துவாயால் உடம்பைச் சுற்றி, பின்னங்கால்கள் முதலில் இறங்கும்படி மேலிருந்து விட்டால் பூனைக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை. இந்த ஒரு மூடிக்காகவே, முன்கதவு மட்டும் உள்ள மலிவான கூட்டைவிட இதற்கு இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

அதன்பின் கூட்டைத் தட்டுக்கு ஏற்றாமல், கதவைக் கழற்றி, அப்பாவின் பழைய சாரமொன்றை உள்ளே விரித்து, விறாந்தை மூலையில் நிரந்தரமாக வைத்துவிட்டேன். அவித்த சூடை மீனை முதலில் கூட்டின் வாசலிலும், பிறகு நடுவிலும், கடைசியில் உள்மூலையிலும் வைத்துக்கொண்டு வந்தபோது, மூன்று கிழமைக்குள் பூராயி அதற்குள்ளேயே பகல் தூக்கம் போடத் தொடங்கினாள். கறுப்பி இன்றுவரை முன்னங்கால்கள் இரண்டையும் வெளியே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டித்தான் மீனை எடுக்கிறாள். கடைக்காரர் "பூனைக்கு மிகவும் பிடிக்கும்" என்று சொன்னது பாதிப் பூனைகளுக்குச் சரி.

ஓட்டோவில் கூட்டை இருக்கையில் வைத்தால் ஒவ்வொரு குழிக்கும் சரிகிறது. தரையில் கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்து, மூன்று பக்கமும் துவாயால் மூடிவிட்டால் அசைவும் குறையும், வெளிச்சமும் குறையும். கறுப்பி வழிநெடுகிலும் அடித்தொண்டையில் நீளமாக ஊளையிடுவாள். பூராயி ஒரு சத்தமும் போட மாட்டாள். அவள் அமைதியானவள் என்று ஓராண்டாக நம்பியிருந்தேன். ஒருநாள் துவாயை விலக்கிப் பார்த்தபோது கண்மணி முழுவதும் கறுத்து விரிந்து, காதுகள் பக்கவாட்டில் படிந்து, தாடையிலிருந்து எச்சில் நூல் போல இறங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் உறைந்துபோகும் பூனையும் கத்தும் பூனை அளவுக்கே பயந்திருக்கிறது என்று வைத்தியர் பிறகு சொன்னார். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்றோட்டத் துளைகள் போதவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பூனை நாய்போல வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கினால் அது சாதாரணமானதன்று. அதனால் வெயில் ஏறுவதற்கு முன் காலையில் போய்வருகிறோம்.

வைத்தியரிடம் காத்திருக்கும் இடத்தில் கூட்டைத் தரையில் வைக்கக்கூடாது என்பதை ஓர் அல்சேஷன் நாய் எங்களுக்குக் கற்பித்தது. வாங்கிலோ மடியிலோ, வாசல் சுவரைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டால் போதும்.

மேசையில்தான் இந்தக் கூடு தன் விலையைச் சம்பாதிக்கிறது. நாங்கள் முன்பு போன இன்னோர் இடத்தில், உதவியாளர் ஒருவர் பூராயியின் பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கி மேசையில் அழுத்திப் பிடித்தார். ஊசி போட்டு முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் கை அவளுடைய கழுத்துக்குக் கிட்டப் போனாலே சீறினாள். தாய்ப்பூனை குட்டியை அப்படித்தானே தூக்குகிறது என்று பலரும் சொல்வார்கள். குட்டிக்கு அது சரி, வளர்ந்த பூனைக்கு அது வலியும் பயமும் தரும் பிடி. அமெரிக்காவின் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2022 இல் வெளியிட்ட வழிகாட்டியும் பிடரியைப் பிடிக்க வேண்டாம் என்றே சொல்கிறது. இப்போது நாங்கள் போகும் வைத்தியர் கூட்டைப் பார்த்ததும், "அவளை வெளியே எடுக்க வேண்டாம், மேல்பாதியை மட்டும் கழட்டுங்க" என்றார். எட்டுக் கிளிப்களையும் தட்டிவிட்டு மேல்பாதியைத் தூக்கியபோது, கறுப்பி கீழ்பாதியில், அப்பாவின் சாரத்தின் மேலேயே குந்தியிருந்தாள். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தது, வயிற்றைத் தடவிப் பார்த்தது, வெப்பமானி வைத்தது எல்லாம் அதற்குள்ளேயே நடந்தன. தலையை என் முழங்கைக்குள் புதைத்துக்கொண்டாள். அவளுக்கு என்னைக் காணாவிட்டால் உலகத்தையே காணாத கணக்கு.

அன்று வெப்பமானி 103.4 பாரன்ஹைட் காட்டியது. பூனைக்கு ஏறக்குறைய 100.5 முதல் 102.5 வரை இருப்பது வழமை. காய்ச்சல் என்று நான் பதறியபோது வைத்தியர் மருந்து எதுவும் எழுதாமல், கூட்டைத் துவாயால் மூடிப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். கால் மணித்தியாலம் கழித்துப் பார்க்கும்போது 102.2 இருந்தது. பயத்தினால் பூனைக்கு உடல்வெப்பம், இதயத்துடிப்பு, இரத்தத்தில் சீனியின் அளவு மூன்றுமே ஏறும், அவசரப்பட்டுப் பார்த்தால் இல்லாத நோய் தெரியும் என்றார். எடை பார்ப்பதற்காக அவளை ஒரு நிமிடம் உருக்கு மேசையில் விட்டோம். திரும்பவும் கூட்டுக்குள் எடுத்தபின் பார்த்தேன், மேசையில் நான்கு ஈரப் பாதச் சுவடுகள் பூப்போல் பதிந்திருந்தன. பூனைக்கு வியர்ப்பது பாதத்தில்தான். அந்த ஈரத்தைச் சுற்றி உதிர்ந்த கறுப்பு முடி ஒரு கைப்பிடிக்கு வரும்.

வீடு திரும்பிய பிறகு நடந்ததற்கு எந்தக் கூடும் உதவாது, அல்லது இந்தக் கூடு அதை இன்னும் மோசமாக்கியது என்றுகூடச் சொல்லலாம். கறுப்பியின் கருத்தடைச் சத்திரசிகிச்சை முடிந்து பின்னேரம் கொண்டுவந்து விறாந்தையில் கூட்டைத் திறந்தேன். பூராயி வழமைபோல ஓடிவந்தாள், மூக்கை நீட்டினாள், ஒரே கணத்தில் முதுகு வளைந்து வால் பாட்டில் துடைக்கும் தூரிகை போலானது. நான்கு வருடம் ஒன்றாய்ச் சுருண்டு படுத்த சகோதரியைப் பார்த்துச் சீறி, மயக்கம் முழுதாகத் தெளியாத அவளுடைய முகத்தில் இரண்டு அறை விட்டாள். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, "என்னகா இது, கூடப் பிறந்ததைப் பாம்பைக் கண்ட மாதிரிப் பாக்குது" என்றார். இந்தச் சீறல் மூன்று நாள் நீடித்தது.

காரணம் வாசனை. ஒரே வீட்டுப் பூனைகள் ஒன்றையொன்று கண்ணைவிட மூக்கால்தான் அடையாளம் காண்கின்றன. தேய்த்துக்கொண்டும் நக்கிக்கொண்டும் வீட்டுக்கென்று ஒரு பொது மணத்தை உண்டாக்கி வைத்திருக்கின்றன. ஸ்பிரிட்டும் மயக்கமருந்தும் பிற மிருகங்களும் பட்ட மணத்தோடு வருபவள், உருவத்தில் கறுப்பியாக இருந்தாலும் பூராயியின் மூக்குக்கு அந்நியள்தான். நான் கூட்டைத் துடைக்காமல் விறாந்தையில் விட்டதும் பிழை, அந்த மணம் அதிலிருந்துதான் வீடெங்கும் பரவியது. நான்காவது பயணத்தில் பூராயியைக் காது நோவுக்காகக் கொண்டுபோனபோது ஒழுங்கை மாற்றினேன். திரும்பியதும் கூட்டை நேரே என் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன், அவளுக்குத் தண்ணீரும் மணல் தட்டும் அங்கேயே வைத்தேன். கறுப்பி படுக்கும் துணியால் அவளை மெதுவாகத் துடைத்து, மறுநாள் காலைவரை அப்படியே விட்டேன். காலையில் கதவைத் திறந்தபோது கறுப்பி ஒருமுறை உறுமினாள், அதோடு சரி.

கூட்டைக் கழுவுவது பற்றி ஓர் எச்சரிக்கை. தண்ணீரில் விட்டதும் பால்போல் கலங்கும் கிருமிநாசினிகளில் உள்ள பீனோல் வகைப் பொருட்கள் பூனைக்கு நஞ்சு, ஏனென்றால் அவற்றைப் பிரித்து வெளியேற்ற அதன் ஈரலுக்கு வலு போதாது. சவர்க்காரத் தூளும் வெயிலும் போதுமானவை. இதே காரணத்தால்தான் வலிக்கு என்று பனடோல் துண்டு உடைத்துக் கொடுப்பதும் பூனையைக் கொல்லும்.

மயக்கத்திலிருந்து தெளியும் பூனைக்குக் கூட்டின் கீழ்பாதி நல்ல படுக்கையாக இருந்தது. கறுப்பி கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள். சில மயக்கமருந்துகளில் பூனை கண் மூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு பாதிவரை ஏறியிருந்தது. எழும்ப முயன்று பின்பக்கம் சரிந்து விழுந்தபோது, கூட்டின் விளிம்பு அவளைத் தாங்கிப் பிடித்தது. கட்டிலிலோ கதிரையிலோ வைத்திருந்தால் விழுந்து தையல் பிய்ந்திருக்கும். அன்றிரவு ஒன்றும் சாப்பிடவில்லை, மறுநாள் விடியற்காலையில் இரண்டு வாய் மீன் எடுத்தாள். ஒரு நாளுக்கு மேல் பூனை வாய் வைக்காவிட்டால், குறிப்பாக அது கொழுத்த பூனையென்றால், ஈரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகும் என்பதால் அதற்குமேல் காத்திருக்காமல் அழைக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார்.

குறைகளுக்கு வருகிறேன். கிளிப்கள் மட்டமானவை. தையல் வெட்டப் போன மூன்றாவது பயணத்தில் இரண்டு உடைந்துவிட்டன, தனியாக வாங்கக் கடையில் கிடைக்கவில்லை. கைப்பிடி மேல்மூடியோடு சேர்ந்திருப்பதால் பூனையின் முழுப்பாரத்தையும் அந்தத் தாழ்ப்பாள்தான் தாங்குகிறது, அது வளைவதைக் கண்ணால் பார்த்தேன். இப்போது நைலோன் கயிற்றால் குறுக்குக்கட்டு ஒன்று போட்டு, ஒரு கையை அடியில் கொடுத்துத்தான் தூக்குகிறேன். அடித்தளம் வழுக்குகிறது, துணி விரிக்காமல் கொண்டுபோனால் ஒவ்வொரு வளைவிலும் பூனை ஒரு சுவரில் மோதும். மார்கழி மழையில் காற்றுத் துளைகள் வழியாகச் சாரல் உள்ளே அடிக்கிறது.

முதுகில் போடும், முன்னால் கண்ணாடிக் குமிழ் வைத்த பை ஒன்றும் அதே கடையில் இருந்தது. பார்க்க அழகு. ஆனால் ஒளிய இடம் தேடும் மிருகத்தை எல்லாரும் பார்க்கும் கண்ணாடிக்குள் வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. பிரம்புக் கூடை காற்றோட்டத்துக்கு நல்லது, ஆனால் சிறுநீர் மணம் பிரம்பில் ஏறினால் இறங்காது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மூடிக்கும் இரண்டாகக் கழலும் அமைப்புக்கும் அதில் மூன்று போய்விடுகிறது. கிளிப்களைக் கொஞ்சம் தடிப்பாக வார்த்து, கைப்பிடியை மூடியிலிருந்து பிரித்துக் கீழ்பாதியோடு இணைத்திருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே அரிசிப் பை ஒன்றை உள்ளே வைத்துத் தூக்கிப் பார்க்கட்டும், ஐந்து கிலோ பை போதும்.